கைச்சிலம்புக்கு எத்தனை சதவீதம் ஸ்விங்?

சித்தப்பா பெண் கேட்டது சின்ன விஷயம்தான். ஜூலையில் அவள் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளை வரவேற்கும் விழா. ஆட்டத்துக்கு மூன்று நிமிட இசை வேண்டும். "அண்ணா, பம்பை இருக்கணும், ஆனா கிளப்ல போடுற மாதிரி இடிக்கணும்" என்றாள். இரண்டு நாளில் தருகிறேன் என்று வாய் விட்டேன். பத்தொன்பது நாள் ஆனது. அதில் முக்கால்வாசி, பம்பை மேளத்தோடு குலுக்கும், உள்ளே பரல் போட்ட ஒரு கைச்சிலம்பின் அடியை நேரத்தில் எவ்வளவு தள்ளி வைப்பது என்பதிலேயே போனது. அந்தக் கதைதான் இது.

என் இடம் வேலூர் சத்துவாச்சாரியில் மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட அறை. ஒரு பழைய லேப்டாப், அதில் ஏபிள்டன் லைவ் என்கிற இசை மென்பொருள், இரண்டு மைக் செருகும் ஆடியோ பெட்டி, ஒரு ஹெட்ஃபோன். மே மாதத்தில் பகலில் அந்த அறைக்குள் உட்கார முடியாது. வேலை எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான்.

முதல் வடிவத்தை ஒரே ராத்திரியில் போட்டுவிட்டேன். வேகம் 100 பி.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 100 பீட். ஒவ்வொரு பீட்டுக்கும் கிக் என்கிற கனமான டிரம் அடி, 2லும் 4லும் கிளாப், அடியில் 808 டிரம் மெஷின் ரக பேஸ். பம்பை அடிகளும் சிலம்பும் மயானக் கொள்ளை அன்று பாலாற்றங்கரையில் போனில் பிடித்து வைத்திருந்த பதிவிலிருந்து வெட்டியவை. சிலம்பை கால் பீட்டுக்கு ஒன்றாக வரிசையாக அடுக்கினேன். எல்லாம் நேரக் கோடுகள் போட்ட கிரிட்டில் மில்லி விநாடி பிசகாமல் உட்கார்ந்திருந்தன. திரையில் பார்க்க அழகாக இருந்தது.

மாமாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். அம்மா வழியில் தூரத்து உறவு, குடியாத்தம் பக்கம் ஊர், முப்பது வருஷமாகப் பம்பை அடிக்கிறவர். பதில் குரல் பதிவாக வந்தது: "இன்னா மாப்ள, செக்கு மாடு சுத்தறா மாதிரி கீது."

சரியாகத்தான் சொன்னார். மாடு நடக்கிறது, எங்கேயும் போகவில்லை.

இந்த இடத்தில் ஸ்விங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எண்கள் புரிய வேண்டும். ஒரு பீட்டை நான்காக வெட்டினால் த-க-தி-மி. நான்கும் சம தூரத்தில் விழுந்தால் நேர் நடை. ஸ்விங் என்பது த-வையும் தி-யையும் அசைக்காமல் க-வையும் மி-யையும் மட்டும் கொஞ்சம் பிந்த வைப்பது. எவ்வளவு பிந்தியது என்பதைச் சதவீதத்தில் சொல்வார்கள். அரை பீட்டுக்குள் இரண்டு அடி இருக்கிறது அல்லவா, இரண்டாவது அடி அந்த அரை பீட்டின் எத்தனையாவது சதவீதத்தில் விழுகிறது என்பதுதான் எண். நட்டநடுவில் விழுந்தால் 50, அதாவது ஸ்விங்கே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு தள்ளி விழுந்தால் 66.7. அதுதான் திஸ்ரம். தகிட-வில் நடுவில் இருக்கும் கி-யை விழுங்கிவிட்டு த, ட மட்டும் அடித்தால் வரும் நடை. ப்ளூஸ்காரர்கள் ஷஃபிள் என்பது இந்த நடையைத்தான். மெஷின்களில் சில கம்பெனி ஸ்விங் என்று எழுதும், சில கம்பெனி ஷஃபிள் என்று எழுதும், குமிழ் செய்கிற வேலை ஒன்றுதான்.

100 பி.பி.எம்.-ல் வேலை செய்வதில் ஒரு வசதி உண்டு. அரை பீட் சரியாக 300 மில்லி விநாடி. ஆக ஒரு சதவீதம் 3 மில்லி விநாடி. கால்குலேட்டரே வேண்டாம்.

ரோஜர் லின் 1980-ல் கொண்டுவந்த எல்.எம்.-1 டிரம் மெஷினிலேயே இந்த ஸ்விங் வசதி இருந்தது. 1982-ல் வந்த லின்டிரமில் 50, 54, 58, 62, 66, 70 என்று ஆறு படி வைத்திருந்தார். அவர் ஏன் இந்த விசித்திரமான எண்களைப் பிடித்தார் என்று வெகு நாள் யோசித்திருக்கிறேன். அரை பீட்டை 24 துண்டாக்கி, 12, 13, 14 என்று ஒவ்வொரு துண்டாக நகர்த்திப் பாருங்கள், அதே எண்கள் வந்து விழும். 1988-ல் அகாயியோடு சேர்ந்து அவர் செய்த எம்.பி.சி.60 என்கிற மெஷினுக்கும் இந்த ஸ்விங் போனது. ரோலண்டின் 808-ல் ஷஃபிள் கிடையாது, 1983-ல் வந்த 909-ல் உண்டு. நான் 808 சத்தம் போட்டிருந்ததால், விறைப்பாக இருப்பதுதான் அதன் குணம் என்று முதல் இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமாவின் பதிலுக்குப் பிறகு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குமிழை நேராக 66-க்குத் திருகினேன். செக்கு மாடு போய் ஜட்கா வண்டி வந்தது. டடக் டடக் என்று ஒரு குதிரை நடை. கேட்க ஜாலியாகத்தான் இருந்தது, ஆனால் பம்பை எங்கேயோ தொலைந்துவிட்டது. 54 வைத்தால் வித்தியாசமே தெரியவில்லை. 58, 62 என்று மாற்றி மாற்றிக் கேட்டு, மூன்று மணிக்குக் காது மரத்துப்போய்ப் படுத்தேன். லின் ஒரு பேட்டியில், 90 பி.பி.எம்.-ல் ஒரு ஸ்விங் கிரூவ், அதாவது தாளத்தின் அசைவு, துல்லியமான 66-ஐ விட 62-ல் தளர்வாகக் கேட்கும் என்று சொல்லியிருக்கிறார். அது நினைவில் இருந்தது. ஆனால் அவர் காதில் இருந்தது சிலம்பு இல்லையே.

கிரிட்டையே அணைத்துவிட்டுக் கையால் அடித்துப் பதிவு செய் என்பார்கள். அமெரிக்க ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா எம்.பி.சி.3000-ல் குவாண்டைஸ், அதாவது அடிகளைக் கிரிட்டுக்கு இழுக்கும் வசதி, போடாமல் அடித்ததைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. நானும் விரலால் தட்டும் பேட் வைத்து அடித்துப் பார்த்தேன். அது ஜே டில்லா கை, இது என் கை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, மாமாவிடமே போய் அளந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். அதையொட்டிச் சுற்றுப்பட்டு ஊர்களிலும் அம்மன் கோயில் வேலை இருக்கும், பம்பைக்காரர்கள் வீட்டில் தங்கமாட்டார்கள். பத்து நாள் கழித்துத்தான் மாமாவுக்கு ஓய்வு கிடைத்தது. மைக்கையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் வீட்டு நடையில் பாய் விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என இரண்டு உருளையைச் சேர்த்துக் கட்டிய பம்பை அவர் இடுப்பில். கைச்சிலம்பு அவர் தம்பி கையில். டிக் டிக் என்று பீட் எண்ணும் மெட்ரோனோமைக் காதில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். ஹெட்ஃபோனை வாங்கி ஒரு நிமிஷம் கேட்டார். "இது அடிக்கிறதுக்கு நான் எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் மெட்ரோனோம் இல்லாமல் அவர் போக்கிலேயே பதினோரு நிமிடம். நிதானமாக ஆரம்பித்து, போகப் போக ஏறி, கடைசியில் சாமி வந்தால்தான் நிற்கும் என்கிற வேகம்.

வீட்டுக்கு வந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கி அளக்க உட்கார்ந்தபோதுதான் முதல் பெரிய தப்பைச் செய்தேன். மென்பொருள் தானாக, அடிகளைக் கிரிட்டோடு கட்டிப்போடும் வார்ப் குறிகளைப் போட்டுவிட்டது. அதில் பல குறிகள் க, மி மேலேயே உட்கார்ந்து, அவற்றைக் கிரிட்டுக்கு இழுத்து வைத்திருந்தன. நான் எதை அளக்க வந்தேனோ அதை அது ஏற்கெனவே இஸ்திரி போட்டுவிட்டது. தெரியாமல் ஒரு மணி நேரம் அளந்து, "அட, மாமாவும் நேர் நடைதான் அடிக்கிறார்" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். எல்லாக் குறிகளையும் அழித்துவிட்டு, பீட் விழும் த-வில் மட்டும் கையால் குறி வைத்தேன். மற்றவை எங்கே விழுகிறதோ அங்கேயே விட்டாயிற்று. கையடிப் பதிவிலிருந்து கிரூவ் எடுக்கிறவர்கள் இதை முதலில் கவனியுங்கள்.

நிதானமான பகுதி 98-க்கும் 102-க்கும் நடுவில் ஓடியது. அதில் 32 பீட் எடுத்து அளந்தேன். பம்பையின் கனமான அடிகள் பெரும்பாலும் த-விலும் தி-யிலும்தான். அவை ஆடவே இல்லை. ஆடியதெல்லாம் சிலம்பு. க 58-ஐ ஒட்டி விழுந்தது, மி 62-ஐ ஒட்டி. சராசரி 60.

60 என்ற எண்ணைப் பார்த்ததும் ஏதோ தெரிந்த முகம் மாதிரி இருந்தது. அரை பீட்டை ஐந்தாக வெட்டி மூன்றாவது துண்டு முடிந்த இடத்தில் அடித்தால் 60. தகிட-தக. அதாவது 3க்கு 2, கண்டத்தின் கணக்கு. அப்புறம் மற்ற எண்களையும் இப்படியே போட்டுப் பார்த்தேன். ஏழாக வெட்டி 4க்கு 3 என்றால், தகதிமி-தகிட, 57.1. அது மிஸ்ரம். திஸ்ரம் 66.7 என்று ஏற்கெனவே பார்த்தோம். நான்காக வெட்டி 3க்கு 1 என்றால் 75, எம்.பி.சி. குமிழ் அதற்கு மேல் போகாது. 50-க்கும் 75-க்கும் நடுவில் குருட்டாம்போக்கில் திருகிக்கொண்டிருந்தவனுக்கு வாயால் சொல்லிப் பார்க்க ஒரு வழி கிடைத்தது. சிலம்பு வருகிற இடத்தைத் "தகிட-தக" என்று வாயால் வேகமாகச் சொன்னால் 60 கையில் வந்துவிடுகிறது. மாமா ஐந்தாக எண்ணி அடிக்கிறார் என்று சொல்லவில்லை. அவரைக் கேட்டால் சிரிப்பார். எனக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான்.

க-வும் மி-யும் வேறு வேறு இடத்தில் விழுவதைச் சாதாரண ஸ்விங் குமிழால் கொண்டுவர முடியாது. அது இரண்டையும் ஒரே அளவு தள்ளும். அதனால் பதிவிலிருந்து கிரூவை எடுத்து, அடிப்படை அளவை (Base) பதினாறில் ஒன்றுக்கு, அதாவது கால் பீட்டுக்கு வைத்து, சிலம்பு டிராக்கில் போட்டேன். த-விலிருந்து 174 மில்லி விநாடியில் க, தி-யிலிருந்து 186-ல் மி. கிரூவ் பெட்டியில் ராண்டம் என்று ஒரு குமிழ் இருக்கிறது. மனித வாசம் வேண்டும் என்று அதைத் திருகாதவர்கள் குறைவு. நான் பூஜ்ஜியத்தில் வைத்தேன். அந்தச் சிலம்பில் தற்செயல் என்று எதுவும் இல்லை, 32 பீட்டிலும் மி-தான் அதிகம் பிந்தியது. அதைச் சீட்டு குலுக்கிக் கொண்டுவர முடியாது.

இப்போது ஓட்டினேன். திரையில் எண் 60. காதில் மறுபடியும் ஜட்கா வண்டி!

இரண்டு ராத்திரி இதிலேயே போனது. முதல் சந்தேகம் இரட்டை ஸ்விங். அது உண்மையாகவே இருந்தது, ஆனால் கிளாப்புக்கு நடுவில் போட்டிருந்த சின்ன ஹாய்-ஹாட் சிம்பலில். டிரம் பிளகின் உள்ளேயே ஸ்விங் போட்டு இழுத்துவந்த நோட்டுகள், அதன் மேல் மறுபடி கிரூவ். 60 போய் 70 பக்கம் நின்றது. அதை நேராக்கினேன். சிலம்பு அப்படியேதான் இருந்தது.

கடைசியில் சாம்பிளை, அதாவது வெட்டி எடுத்த சிலம்புச் சத்தத்தை, தனியாக எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது புரிந்தது. கைச்சிலம்பு கிக் மாதிரி பட்டென்று தொடங்காது. உள்ளே இருக்கும் பரல்கள் முதலில் உருள வேண்டும், அப்புறம்தான் சுவரில் மோதும். என் சாம்பிளில் சத்தம் தொடங்கியதிலிருந்து உச்சத்துக்குப் போக 18 மில்லி விநாடி. நான் நோட்டை வைத்தது பரல் உருளத் தொடங்கும் இடத்தில், காது கேட்பது மோதும் இடத்தை. 18-ஐ மூன்றால் வகுத்தால் ஆறு சதவீதம். 60 வைத்தேன், 66 கேட்டது. குழப்பமே இல்லாத கணக்கு.

சிலம்பு எல்லா அடியிலும்தானே 18 பிந்தும், பிறகு விகிதம் எப்படி மாறும் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். த-வில் விழும் சிலம்பு கிக்குக்கும் பம்பைக்கும் அடியில் மறைந்துவிடுகிறது. காது த-வைக் கிக்கிலிருந்து எடுக்கிறது, க-வைச் சிலம்பிலிருந்து எடுக்கிறது. அதனால் தொடக்கம் ஒரு கருவி, முடிவு வேறு கருவி. டிராக் டிலேயில் சிலம்பை 18 மில்லி விநாடி முன்னால் இழுத்தேன். அந்த நொடியில் எல்லாம் வந்து உட்கார்ந்தது. நடு ராத்திரியில் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று ஆடினேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அதே முறையில் பம்பையையும் பார்த்தேன். அதன் உச்சம் 3 மில்லி விநாடிக்குள் வந்துவிட்டது, தொடவில்லை.

சத்த அளவைப் பற்றி ஒரு வார்த்தை. த 100 என்றால் க 60, தி 85, மி 70 என்று வெலாசிட்டி வைத்தேன். இதை நேராக்கிவிட்டால் நேரக்கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் தையல் மெஷின்தான்.

பேஸ் அடுத்த தொல்லை. பேஸ் வரிசையில் மி-யில் ஒரு நோட்டு உண்டு, கிக்கிலும் நாலாவது பீட்டின் மி-யில் ஒரு சின்ன அடி. சிலம்பு மட்டும்தான் ஆடுகிறது என்று கண்டுபிடித்த திமிரில் இவற்றை நேர் கிரிட்டில் விட்டிருந்தேன். விளைவு, அந்த இடம் வரும்போதெல்லாம் தி-யிலிருந்து கிக் 150-ல், சிலம்பு 186-ல். 36 மில்லி விநாடி இடைவெளியில் இரண்டு அடி, படியில் கால் தடுக்கிய மாதிரி. ஒரே இடத்தில் விழ வேண்டியவை சேர்ந்து நகர வேண்டும் என்பது அடிப்படை. மாமா பம்பை ஆடவில்லை என்றால், ஆடுகிற இடத்தில் அவர் கனமாக அடிக்கவில்லை என்பதுதான் காரணம். பேஸுக்கும் கிக்குக்கும் அதே கிரூவைக் கொடுத்தேன். த-விலும் தி-யிலும் இருக்கிற நோட்டுகள் எப்படியும் அசையப் போவதில்லை, மி-யில் இருப்பவை மட்டும் சிலம்போடு சேர்ந்துகொண்டன.

எக்கோவும் மாட்டிக்கொண்டது. பம்பையின் பித்தளைப் பக்கத்து அடிக்குக் கால் பீட் எக்கோ போட்டிருந்தேன், அதாவது 150 மில்லி விநாடி. த-வின் எதிரொலி 150-ல் வந்து 174-ல் வரும் சிலம்போடு சண்டை போட்டது. அரை பீட்டுக்கு, 300-க்கு மாற்றினேன். ஸ்விங் எவ்வளவு இருந்தாலும் அரை பீட் அரை பீட்டாகவே இருக்கும், அதனால் எதிரொலி தானாகச் சரியான இடத்தில் விழும்.

இனி வேகமான பகுதி. பாட்டின் கடைசி ஐம்பது விநாடி 132-க்கு ஏறுகிறது. அதே கிரூவை அங்கேயும் போட்டேன், மூச்சு முட்டியது. பதிவின் கடைசிப் பகுதியை அளந்தேன். 132-ல் அரை பீட் 227 மில்லி விநாடி. சிலம்பு 125-ஐ ஒட்டி விழுந்தது, அதாவது 55 சதவீதம். வேகம் ஏற ஏற ஸ்விங் குறைந்திருக்கிறது. சிலம்பிலிருந்து அடுத்த அடிக்கு இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். நிதானத்தில் சுமார் 120 மில்லி விநாடி, வேகத்தில் 102. அதற்குக் கீழே அந்தத் தம்பி கை போகவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஃப்ரிபெர்க், சுண்ட்ஸ்ட்ரோம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜாஸ் டிரம்மர்களின் சிம்பலை அளந்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள். மெதுவான பாட்டில் நீள அடிக்கும் குறுகிய அடிக்கும் விகிதம் 3.5க்கு 1 வரை போகிறது, ரொம்ப வேகத்தில் கிட்டத்தட்ட சமமாகிவிடுகிறது, நடுத்தர வேகத்துக்கு மேலே குறுகிய அடி 100 மில்லி விநாடியை ஒட்டியே நிற்கிறது. அவர்கள் அளந்தது வேறு இசை, வேறு நடை. ஆனால் 102-ஐப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆக, ஸ்விங் எண்ணை ஒரு வேகத்தில் முடிவு செய்துவிட்டு அப்புறம் பாட்டின் வேகத்தை மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும். நான் இரண்டு கிரூவ் வைத்துக்கொண்டேன். நடுவில் எட்டு பீட்டுக்குச் சிலம்பையே நிறுத்திவிட்டு உடுக்கையை உள்ளே விட்டேன், மாறுகிற தையல் தெரியாமல் இருக்க.

காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலிவு இயர்ஃபோனில் நான்கு தடவை கேட்டேன். பஸ் இரைச்சலில் பேஸ் போய்விட்டது, சிலம்பு மட்டும் மிஞ்சியது. அப்போதும் கால் தானாக ஆடியது. அது போதும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு கல்யாணத்துக்கு வேலூர் வந்தார். மாடிக்குக் கூட்டிப்போய் லேப்டாப்பிலேயே போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். தொடையில் விரல் தட்ட ஆரம்பித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"நல்லாத்தான் கீது மாப்ள. நடுவுல ஒர்த்தன் ஸ்பூன வச்சி டம்ளர தட்டினே கீறானே, அவன் யாரு?"

மெட்ரோனோமை அணைக்க மறந்திருந்தேன். அணைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை 132 வரும் வரை விரல் நிற்கவில்லை. முடிந்ததும், தம்பிக்கு அனுப்பச் சொல்லித் தன் போனை நீட்டினார்.